‘நானெங்கீங்க டென்னிஸ் ஆடுனேன்?’: டென்னிஸ் எல்போ என்ற பெயர் படுத்தும் பாடு

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கமாக அமைந்துள்ள பகுதி ஒன்றில் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) மையம் நடத்திவருகிறேன். முழங்கை வலி என்று வருகிறவர்களில் பலரது கையில் ஏற்கெனவே ஒரு மருந்துச் சீட்டு இருக்கும். அதன் ஓரத்தில் ‘டென்னிஸ் எல்போ’ என்று ஆங்கிலத்தில் கிறுக்கப்பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு சீட்டுடன் வந்தவர், ஏற்றுமதித் துணிகளுக்கு அயர்ன் போடும் பிரிவில் வேலை பார்க்கும் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி. சீட்டை மேசைமீது வைத்துவிட்டு, “சாருங்க, இது வேற யாரோட சீட்டோ மாறி வந்துட்டாட்ட இருக்குதுங்க. என்ற பையன் படிச்சுப் பார்த்துட்டு டென்னிஸுன்னு போட்டிருக்குதுங்கறான். நானெங்கீங்க டென்னிஸ் ஆடுனேன்?” என்று கேட்டார். சீட்டு மாறவில்லை. அவருக்கு வந்திருந்தது டென்னிஸ் எல்போதான். ஆனாலும் அவருடைய கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை.

இந்தப் பெயரில் இருக்கும் இரண்டு சொற்களுமே ஆளைத் திசைதிருப்பக்கூடியவை. இது டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டும் வருவதன்று. வருகிறவர்களில் டென்னிஸ் ஆடுகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இருப்பது அரிது. வலி தெரியும் இடம் முழங்கை என்றாலும், சிக்கலில் இருக்கும் தசையின் முதன்மையான வேலை முழங்கையை அசைப்பதன்று. மணிக்கட்டைத் தூக்கி நிறுத்துவது. மருத்துவர்கள் முறையாக எழுதும் ‘லேட்டரல் எபிகாண்டிலைட்டிஸ்’ என்ற பெயராவது சரியாக இருக்கிறதா என்றால், அதன் வால்பகுதியான ‘ஐட்டிஸ்’ அழற்சியை, அதாவது திசு சிவந்து வீங்குவதைக் குறிப்பது. நாட்பட்ட நிலையில் அங்கே அழற்சியும் பெரிதாக இருப்பதில்லை. பெயர்தானே, எப்படி இருந்தால் என்ன என்று இதை விட்டுவிட முடியவில்லை. பெயரை நம்பித்தான் மக்கள் முழங்கையை மடக்கிக் கட்டித் தொங்கவிடுகிறார்கள், பட்டை வாங்கித் தவறான இடத்தில் மாட்டுகிறார்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஊசி போட்டுக்கொள்கிறார்கள்.

பெயர் வந்த கதை சுவையானது. முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் இந்த வலியை மருத்துவ ஏட்டில் முதலில் பதிவு செய்தவராகக் குறிப்பிடப்படுபவர் ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர். ஆண்டு 1873. அவர் எழுதிய கட்டுரை விளையாட்டைப் பற்றியதே அன்று. நாள் முழுவதும் பேனா பிடித்து எழுதுகிறவர்களின் கைக்கு வரும் பிடிப்பைப் பற்றியது. அதற்கு அடுத்த ஆண்டுதான், 1874இல், வால்ட்டர் கிளாப்டன் விங்ஃபீல்டு என்ற இராணுவ அதிகாரி புல்தரையில் ஆடும் டென்னிஸுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1877இல் விம்பிள்டனில் முதல் போட்டி நடந்தது. நாட்டுப்புற மாளிகைகளின் புல்வெளிகளிலெல்லாம் வலை கட்டி ஆடும் மோகம் பரவிய அந்தக் காலத்தில், 1882இல் ஹென்றி மோரிஸ் என்ற மருத்துவர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ‘லான் டென்னிஸ் கை’ என்ற தொடரைப் பயன்படுத்தினார். மறு ஆண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மேஜர் என்பவர் எழுதிய குறிப்பில் அது ‘லான் டென்னிஸ் எல்போ’ ஆனது. காலப்போக்கில் புல்தரையைக் குறிக்கும் ‘லான்’ உதிர்ந்துபோனது, மற்ற இரண்டும் நிலைத்துவிட்டன. அதே இங்கிலாந்தில் அதே ஆண்டுகளில் துணி அடித்துத் துவைத்த பெண்களுக்கும், இழைப்புளி தள்ளிய தச்சர்களுக்கும் இந்த வலி வராமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் மருத்துவரைத் தேடிப் போகும் வசதி படைத்தவர்கள் புல்வெளியில்தான் இருந்தார்கள். பெயரும் அங்கிருந்தே வந்தது.

நம் ஊரில் இந்தச் சொல் வீட்டுக்கு வீடு தெரியவந்தது டென்னிஸால் அன்று, கிரிக்கெட்டால். 2004ஆம் ஆண்டு சச்சின் டெண்டுல்கருக்கு இடது முழங்கையில் இந்த வலி வந்து, அவர் போட்டிகளைத் தவறவிட்டபோது, நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் ‘டென்னிஸ் எல்போ’ அன்றாடச் சொல்லாகிவிட்டது. 2005 மே மாதத்தில் லண்டனில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 ஓட்டங்களுடன் திரும்பி வந்தார். அந்தச் செய்திகள் ஒரு நன்மையும் ஒரு தீமையும் செய்தன என்பது என் கருத்து. கிரிக்கெட் மட்டை பிடிப்பவருக்கும் டென்னிஸ் எல்போ வரும் என்று மக்களுக்குத் தெரிந்தது நன்மை. ‘சச்சினுக்கே ஆபரேஷன் பண்ணினாங்களே’ என்று இன்றுவரை நோயாளிகள் அஞ்சுவது தீமை. உண்மையில் அறுவை சிகிச்சை வரை போக வேண்டியவர்கள் மிகச் சிலரே.

இனி, முழங்கை வலிக்கு மணிக்கட்டைக் குற்றம் சொல்வது ஏன் என்பதைப் பார்ப்போம். இதை நான் நோயாளிகளுக்கு வாயால் விளக்குவதில்லை. அவர்கள் கையாலேயே செய்து பார்க்கச் சொல்வேன். வாசிக்கிறவர்களும் செய்து பார்க்கலாம். ஒரு கையை நீட்டி, மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முழுவதும் மடக்கிக்கொள்ளுங்கள். அதே நிலையில் விரல்களை மடக்கி இறுக்கமாக முஷ்டி பிடிக்க முயலுங்கள். விரல்கள் பாதியில் நின்றுவிடும், பிடி சோர்ந்திருக்கும். இப்போது மணிக்கட்டைச் சற்றே மேல்நோக்கித் தூக்கி முஷ்டி பிடியுங்கள். பிடி இரும்பாக இறுகும். அதாவது, எதையாவது இறுகப் பிடிக்க வேண்டுமானால், விரல்களை மடக்கும் தசைகள் மட்டும் வேலை செய்தால் போதாது. அவற்றின் இழுப்பில் மணிக்கட்டு கவிழ்ந்துவிடாமல் பின்பக்கத்திலிருந்து ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்கின்ற தசைகளில் ஒன்று, மேற்கை எலும்பின் கீழ் முனையில், முழங்கைக்கு வெளிப்பக்கமாக விரலால் தொட்டால் நெருடும் எலும்புப் புடைப்பில் தொடங்கி, முன்கையின் முதுகுப்பக்கமாக ஓடி, நடுவிரலுக்கு நேராக உள்ளங்கை எலும்பின் அடியில் போய் முடிகிறது. அது எலும்பில் ஒட்டியிருக்கும் கயிறு போன்ற பகுதிக்குத் தசைநாண் என்று பெயர். பாதிக்கப்படுவது பெரும்பாலும் அந்தத் தசைநாண்தான்.

ஆகவே தோசைக்கரண்டியைப் பிடித்தாலும், பேனாவைப் பிடித்தாலும், ராக்கெட்டைப் பிடித்தாலும் அந்த இடத்திற்குச் சுமை போகிறது. சுமை போவதில் தவறேதும் இல்லை, அதற்காகத்தான் தசைநாண் இருக்கிறது. பழக்கப்பட்ட அளவைவிடச் சுமை திடீரென்று கூடுவதும், கூடிய சுமையிலிருந்து தேறுவதற்குள் மறுநாளும் அதே வேலை வந்து நிற்பதும்தான் தொல்லை. முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் இது மிகுதியாக வருகிறது. வயதுவந்தோரில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இதற்கு ஆளாகிறார்கள் என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. ஆண் பெண் வேறுபாடு பெரிதாக இல்லை. புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல்.

அந்த அயர்னிங் பெண்மணியை எடுத்துக்கொள்வோம். அவர் தூக்குகின்ற ஸ்டீம் அயர்ன் ஏறத்தாழ இரண்டு கிலோ. அதைத் துணிமீது தள்ளுவது அவருக்குப் பெரிய சிரமமாக இல்லை. ஒரு துணி முடிந்து அடுத்த துணியை விரிப்பதற்குள், பெட்டியைத் தூக்கித் தாங்கியில் வைப்பதும் மீண்டும் எடுப்பதும்தான் சிரமம்; அப்போது உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கிறது, முழங்கை நீண்டிருக்கிறது, முழு எடையும் மணிக்கட்டின் பின்புறத்தில் தொங்குகிறது. ஆர்டர் அவசரம் என்று ஒன்றரை ஷிப்ட் பார்த்த இரண்டு வாரங்களில் வலி தொடங்கியிருந்தது. முதலில் பெட்டியைத் தூக்கும்போது மட்டும் வலித்தது. பிறகு பால் சொம்பைத் தூக்கும்போது, கதவுத் தாழ்ப்பாளைத் திருகும்போது, ஈரத்துணியைப் பிழியும்போது என்று பரவியது. கடைசியில், வந்தவர்களுக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டும்போது கை தானாகத் தளர்ந்து டம்ளர் விழுந்ததும்தான் பயந்துபோய் மருத்துவரிடம் போயிருக்கிறார்.

என் மையத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. முழங்கையை நேராக நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி அதன் முதுகுப்பகுதியைப் பிடித்துத் தூக்கச் சொன்னேன். நாற்காலியின் கால்கள் தரையைவிட்டு எழும்புவதற்குள் அவர் முகம் சுளித்துவிட்டார். அதே நாற்காலியை, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி அடியில் கைகொடுத்துத் தூக்கச் சொன்னதும் சிரமமின்றித் தூக்கிவிட்டு, “இதென்னங்க, இப்ப வலிக்கவே இல்லை” என்றார். சோதனை அவ்வளவுதான். நடுவிரலை நான் அழுத்தும்போது அவர் எதிர்த்து மேலே தூக்கினால் வலிக்கிறதா என்பதையும், மணிக்கட்டை எதிர்ப்புக்கு எதிராகத் தூக்கினால் வலிக்கிறதா என்பதையும், அந்த எலும்புப் புடைப்பிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் அழுத்தினால் ‘அங்கேதான்’ என்கிறாரா என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் தேவைப்படுவதே இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் நோய் தெரியும் என்று நம்பிப் பல ஆயிரம் ரூபாய் செலவு செய்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஸ்கேனில் தசைநாண் நைந்திருப்பது தெரிந்தாலும், வலியின் அளவுக்கும் படத்தில் தெரியும் அளவுக்கும் நேரான தொடர்பு இருப்பதில்லை.

எங்கள் பகுதியில் இந்த வலியுடன் வருகிறவர்களின் தொழில்களைச் சொன்னால் ஊரின் படமே கிடைத்துவிடும்: நாள் முழுவதும் சிறு கத்தரியால் நூல் பிசிறு வெட்டும் செக்கிங் பெண்கள், துணி அடுக்கின்மீது கட்டிங் மிஷினைத் தள்ளுகிற கட்டிங் மாஸ்டர்கள், மாவைப் பிசைந்து வீசுகிற பரோட்டா மாஸ்டர், ஸ்குரூ டிரைவரைத் திருகும் எலக்ட்ரீஷியன், சுவரில் பட்டி இழுக்கும் பெயிண்டர், மவுஸைக் கையைவிட்டு இறக்காத மெர்ச்சண்டைசர். தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் இல்லத்தரசிகள் வருவார்கள். ஒரே நாளில் ஐந்து கிலோ மாவை முறுக்கு நாழியில் வைத்து அழுத்திப் பிழிந்த கதையை, வலியைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அதில் பெருமையும் கலந்திருக்கும். இவர்களில் எவரிடமும் ‘டென்னிஸ் எல்போ’ என்று சொன்னதும் அந்தப் பெயர் அவர்கள் வேலையை நோக்கி விரல் நீட்டுவதில்லை என்பதுதான் இந்தப் பெயரின் பெரிய குறை. அயர்ன் பெட்டியும் நாழியும் தப்பித்துவிடுகின்றன.

டென்னிஸுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட், அதாவது புறங்கை பந்தை நோக்கியிருக்க, அடிக்கும்போது, புதிதாக ஆடுகிறவர் பந்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, மணிக்கட்டு கவிழ்ந்த நிலையில் பந்தை வாங்குவார். பந்தின் அதிர்ச்சி முழுவதும், ஏற்கெனவே இழுபட்டிருக்கும் அந்தத் தசைநாணில் இறங்கும். தேர்ந்த ஆட்டக்காரர் மணிக்கட்டைச் சற்றுத் தூக்கி உறுதியாக வைத்து, தோளையும் இடுப்பையும் சேர்த்துச் சுழற்றி அடிப்பதால், முன்கைக்குப் போகும் பங்கு குறைந்துவிடுகிறது. இரண்டு கையாலும் பேக்ஹேண்ட் அடிப்பவர்களுக்கு இந்த வலி குறைவாக வருவதும் இதனால்தான். கைக்குப் பொருந்தாத பருமனில் கைப்பிடி இருந்தாலும், ராக்கெட்டின் வலையாகப் பின்னும் நரம்பு மிக இறுக்கமாக இருந்தாலும், பந்து ராக்கெட்டின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் சுமை கூடும்.

எங்கள் ஊரில் டென்னிஸைவிட ஷட்டில்தான் மிகுதி. உள்ளரங்கத் தளங்கள் பெருகியபின், நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று உடற்பயிற்சி ஆர்வம் பிறந்து, முதல் மாதமே வாரத்தில் ஆறு நாளும் காலை இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு என்னிடம் வருகிற நண்பர்கள் உண்டு. ஷட்டில் ராக்கெட் நூறு கிராம்கூட இராது. முந்நூறு கிராம் அளவில் இருக்கும் டென்னிஸ் ராக்கெட்டோடு ஒப்பிட்டால் அது இறகுதான். அப்படியிருந்தும் வலி வருவதற்குக் காரணம் எடை அன்று, பிடி. அவர்கள் ராக்கெட்டைச் சுத்தியலைப் பிடிப்பதுபோல் முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். பயிற்சியாளர்கள் சொல்வது, ஷட்டில் மீது ராக்கெட் படும் அந்த நொடியில் மட்டும் விரல்களை இறுக்கு, மற்ற நேரம் தளர்வாக வை என்பது. அத்துடன், பெரிய ஆட்டக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு ராக்கெட் நரம்பை மிகுந்த இறுக்கத்தில் போடச் சொல்வதும் ஒரு காரணம். இறுக்கம் குறைந்த நரம்பு, பழகுகிறவர்களின் கைக்கும் நல்லது, ஆட்டத்திற்கும் நல்லது.

அடுத்து, அந்த ‘ஐட்டிஸ்’. வலி என்றால் வீக்கம், வீக்கம் என்றால் அதை வற்றவைக்கும் மருந்து என்று ஒரு நேர்க்கோடு நம் மனத்தில் போடப்பட்டிருக்கிறது. 1979இல் நிர்ஷல், பெட்ரோன் என்ற இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் அறுவையில் எடுத்த திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியபோது, அங்கே கண்டது அழற்சி அணுக்களை அன்று. ஒழுங்கு குலைந்த இழைகளையும், தாறுமாறாக முளைத்த நுண்ணிய இரத்தக் குழாய்களையும். பாவுநூல் நேராக ஓட வேண்டிய துணியில், இழை அறுந்த இடத்தை அவசரத்தில் கண்டபடி முடிச்சுப் போட்டுவைத்ததைப் போன்ற நிலை என்று இங்குள்ளவர்களுக்குச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். அதனால்தான் இப்போது துறையில் உள்ளவர்கள் பலர் அழற்சி என்ற பொருள் வராத ‘டெண்டினோபதி’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்பதற்கு, அழற்சியை அடக்கப் போடும் ஸ்டீராய்டு ஊசியே சான்று. 2006இல் ஆஸ்திரேலியாவில் 198 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்கள், இயன்முறை சிகிச்சை பெற்றவர்கள், எதுவும் செய்யாமல் அறிவுரையுடன் காத்திருந்தவர்கள் என்று மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறாவது வாரத்தில் ஊசிப் பிரிவினர் மற்ற இருவரையும்விட நன்றாக இருந்தார்கள். அத்துடன் ஆய்வை நிறுத்தியிருந்தால் ஊசிக்கே வெற்றி. ஆனால் ஓராண்டு வரை தொடர்ந்தபோது, ஊசியால் தேறியவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியிருந்தது. 2013இல் அங்கேயே 165 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்விலும் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 54 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களிலோ அது 12 விழுக்காடுதான். நோயாளியின் இரத்தத்தை எடுத்துப் பிரித்து அதன் ஒரு பகுதியைத் திரும்பச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசி இப்போது நாகரிகமாகியிருக்கிறது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இந்த வலிக்கு அதனால் பெரும்பாலும் பயன் இல்லை என்றே முடிவுசெய்தது.

ஊசியைக் குறைசொல்லிவிட்டு என் தொழிலை மட்டும் உயர்த்திப் பேசுவது நேர்மையாகாது. 2006 ஆய்விலேயே, ஓராண்டு முடிவில் இயன்முறை சிகிச்சை பெற்றவர்களுக்கும் சும்மா காத்திருந்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெரும்பாலோருக்கு இந்த வலி ஓராண்டுக்குள் தானாகவே தணிந்துவிடுகிறது என்பதுதான் நோயாளியிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி. அதைச் சொன்னால் நோயாளி திரும்பி வரமாட்டாரோ என்று தயங்குகிறவர்கள் எங்கள் துறையிலும் இருக்கிறார்கள். நாங்கள் செய்யக்கூடியது, அந்த ஓராண்டைச் சுருக்குவதும், அதற்குள் அவர் வேலையை இழக்காமல் பார்த்துக்கொள்வதும்தான். மின்சிகிச்சைக் கருவிகளை நாள்தோறும் வைத்துக் கொண்டே இருப்பதைவிட, கைக்குப் படிப்படியாகச் சுமை பழக்குவதே மேல் என்பது என் அனுபவமும் கூட.

அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் போதும். மேசைமீது முன்கையை உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே நீளுமாறு உட்கார வேண்டும். பாட்டிலைப் பிடித்த கையை, மற்றொரு கையின் உதவியால் மேலே தூக்கிவிட்டு, உதவிக் கையை எடுத்தபின், மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். தூக்குவது அன்று, இறக்குவதுதான் பயிற்சி. பத்துப் பதினைந்து முறை, சற்று ஓய்வு, மீண்டும் அதே அளவு. இப்படி மூன்று சுற்று. வலி மிகுந்திருக்கும் தொடக்க வாரங்களில் இறக்குவதும் முடியாவிட்டால், மணிக்கட்டை நேராக வைத்து அரை நிமிடம் அசையாமல் தாங்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பயிற்சியின்போது சிறிது வலிக்கும், அதற்கு அஞ்ச வேண்டாம். மறுநாள் காலையில் எழுந்ததும் முந்தைய நாளைவிட வலி கூடியிருந்தால் மட்டும் பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்பேன். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரமே ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று நிறுத்துகிறவர்கள்தான் பாதிப் பேர்.

பயிற்சியைவிட வேலையை மாற்றுவது இன்னும் முக்கியம். கைக்கு ஓய்வு என்றால் பலர் முழங்கையை மடக்கித் தூளி கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் அதே கையில் கைப்பேசியை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். முழங்கை ஓய்வில் இருக்கிறது, பிடி ஓய்வில் இல்லை. பெயர் செய்கின்ற குழப்பம் இதுதான். எதையும் உள்ளங்கை மேல்நோக்கி, உடம்போடு ஒட்டித் தூக்கப் பழகுவது, ஈரத்துணியைப் பிழியாமல் உதறிச் சொட்டவிடுவது, குடத்தை ஒரு கையால் வாயைப் பிடித்துத் தூக்காமல் இரு கையாலும் தூக்குவது, கருவியின் கைப்பிடியில் துணியோ ரப்பரோ சுற்றிச் சற்றுப் பருமனாக்குவது ஆகியவை சிறியவையாகத் தெரிந்தாலும் பலன் பெரிது. மருந்துக்கடையில் கிடைக்கும் முழங்கைப் பட்டையைப் பற்றியும் ஒரு சொல்: எல்போ என்று பெட்டியில் எழுதியிருப்பதால் மக்கள் அதை முழங்கை மூட்டின்மீதே மாட்டுகிறார்கள். வலிக்கும் எலும்புப் புடைப்பிலிருந்து இரண்டு விரற்கடை கீழே, முன்கையின் சதைப்பகுதியில்தான் அது இருக்க வேண்டும். விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கக் கூடாது. தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். எண்ணெய் போட்டு இதமாக நீவிவிடுவதில் தவறில்லை. ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று சொல்லி, முழங்கையை முறுக்கிச் சொடுக்கு எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இந்தப் பெயர் இவ்வளவு புகழ்பெற்றுவிட்டதால் வந்த இன்னொரு வினை, முழங்கைக்கு அருகில் எது வலித்தாலும் அதற்கு டென்னிஸ் எல்போ என்று நாமே பெயரிட்டுக்கொள்வது. முழங்கையின் உட்புறப் புடைப்பில் வலித்தால் அது வேறு. அதற்குக் கோல்ஃபர்ஸ் எல்போ என்று, கோல்ஃப் ஆடாதவர்களையும் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். முழங்கையின் நுனியில் எலுமிச்சை அளவுக்கு நீர் கோத்து வீங்கினால் அதுவும் வேறு. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், உட்புறத்தில் ஓடும் நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள்.

மிகவும் ஏமாற்றக்கூடியது கழுத்து. லாரி ஓட்டும் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல், மூன்று மாதமாக டென்னிஸ் எல்போ என்று வேறோர் இடத்தில் முழங்கைக்கு ஊசியும் மின்சிகிச்சையும் பெற்றுவிட்டு வந்தார். நாற்காலியை எந்தப் பக்கமாகத் தூக்கச் சொன்னாலும் தூக்கினார், வலிக்கவில்லை. ஆனால் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து வலப்பக்கம் திருப்பியதும், தோளிலிருந்து பெருவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுத்தது. நரம்பு நெருக்கப்பட்டிருந்தது கழுத்தெலும்பு இடுக்கில். முழங்கையில் ஒன்றுமே இல்லை. பெருவிரலோ சுட்டுவிரலோ மரத்துப்போதல், கழுத்தைத் திருப்பினால் கையில் வலி கூடுதல், விழுந்து அடிபட்டபின் முழங்கையை நீட்ட முடியாமை, மூட்டு சிவந்து காய்ச்சலடித்தல், இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் நேரே போக வேண்டும். நடக்கும்போதோ படியேறும்போதோ இடது கை வலித்து, கூடவே நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்தால், முழங்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அயர்னிங் பெண்மணிக்குப் பத்து வாரம் ஆனது. பெட்டியை உயரத் தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி நிறுத்தும்படி மேசையில் தாங்கியின் இடத்தை மாற்றிக்கொண்டார். வலி முழுவதும் போகவில்லை என்றாலும் டம்ளர் விழுவதில்லை. இடையில் ஒருநாள், கம்பெனியில் கொடுப்பதற்கு ஒரு சான்று கேட்டார். டென்னிஸ் என்ற சொல்லால் அவர் முதல் நாள் குழம்பியது நினைவில் இருந்ததால், ‘மணிக்கட்டைத் தூக்கும் தசைநாணில் பாதிப்பு, நான்கு வாரம் கனமான பொருளைத் தூக்கும் வேலை தவிர்க்கப்பட வேண்டும்’ என்று தெளிவான தமிழில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துப் பார்த்தவர் திருப்தியில்லாமல் நின்றார்.

“சாருங்க, அந்த டென்னிஸையும் சேர்த்து எழுதிக் குடுத்துருங்க. தசை வலின்னா சூப்பர்வைசர் தைலம் தேய்ச்சுக்கம்பாரு. டென்னிஸுன்னு பார்த்தாத்தான் நம்புவாரு.”

மேலே ஒரு வரி சேர்த்து எழுதி, முத்திரையை அதன்மீது படும்படி குத்திக் கொடுத்தேன்.